பெரியவரின் வாக்குமூலம்

அத்தியாயம் பதினொன்று

சின்னவர் மீசையின் ஒரு பக்கத்தை ஒட்டி முடித்து, மறுபக்கத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது ஒப்பனை மேஜையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அண்ணன் வீடு' என்று வந்தது.

இரண்டு வருஷம் ஏழு மாதமாக அந்தப் பெயர் அங்கே வந்ததில்லை. பசைக் குச்சியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் எடுத்தார்.

"சித்தப்பா, நான்தான்."

அண்ணன் மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பேர். முப்பத்து நாலு வயது. கணக்குப் பாடத்தால் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிற ஆசிரியை. ஆனாலும் பாப்பாதான்.

"சொல்லும்மா. அண்ணனுக்கு..."

"இருக்கார். உங்களை வரச் சொல்றார். இன்னிக்கே, நாலு மணிக்கு முன்னாடி."

"பேசறாரா?"

"பேச்சு ஏது? அட்டையில எழுத்தைக் காட்டுவார். உங்க பேரைக் காட்டினார். நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனோன்னு ரெண்டு தடவை கேட்டேன். மறுபடியும் உங்களையே காட்டினார். அதான் கூப்பிட்டேன். நானா கூப்பிடல."

வைத்துவிட்டாள்.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்குத்தான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. அண்ணன் தம்பி இரண்டே பேர். மூத்தவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள், இளையவரைச் சின்னவர் என்பார்கள். பெரியவர் காவல்துறைத் தலைமையகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். திருடனைத் துரத்தியதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை. நாற்காலி உத்தியோகம். எந்த வழக்கைத் தொடர்வது, எதை மூடுவது என்று நிலையங்களிலிருந்து வரும் கோப்புகளில் கடைசிக் கையெழுத்து அவருடையது.

சின்னவர் நடிகர். ஒன்பது வருஷமாக வியாழக்கிழமைதோறும் ஒளிபரப்பாகும் குற்றத் தொடரில் துணை ஆணையர் வேஷம். குற்றவாளியைப் பிடிப்பது வேறு ஆட்கள். இவர் அவர்களைப் பிடித்து நிறுத்துகிறவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கோப்பை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, "பார்க்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். கண்ணாடி, தட்டு, பார்க்கலாம் எல்லாமே அண்ணனிடமிருந்து அப்படியே எடுத்தவை. ஆரம்பத்தில் பெரியவரே அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

அந்தச் சிரிப்பை ஒரு வாரக் கதை நிறுத்தியது. ஓய்வு பெற்ற அன்று பெரியவர் தம்பியிடம் ஒன்றைச் சொல்லி அழுதிருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு பெண்ணின் கோப்பை, அந்த வருஷக் கணக்கில் வழக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதற்காக, 'விருப்பப்பட்டு வெளியேறியவர், மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று மூடிவிட்டாராம். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு பாழுங்கிணற்றில் பிணமாகக் கிடைத்தாளாம். கொன்றவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லையாம்.

சின்னவர் ஐந்து வருஷம் வாயைக் கட்டினார். ஆறாவது வருஷம், கதை கிடைக்காமல் தவித்த தொடரின் எழுத்தாளரிடம் அவிழ்த்துவிட்டார். அந்த வாரத்துக்காகச் சின்னவருக்கு விருது கிடைத்தது. அண்ணன் வீட்டிலிருந்து அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. அந்தக் கோப்பில் இருந்த வாசகத்தை எழுத்தாளர் எழுத்து மாறாமல் போட்டிருந்தார். அதே வாசகம் தட்டச்சு செய்த கடிதத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தியிருந்த ஒருத்தி, செத்துப்போன பெண்ணின் தங்கை, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட மனுவில் விசாரணை ஆரம்பித்தது. விசாரணைக் கடிதம் வந்த மறுவாரம் பெரியவருக்குப் பக்கவாதம். வலப்பக்கமும் பேச்சும் போயின.

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டுதான் சின்னவர் மீசையின் மறுபாதியை ஒட்டினார்.

துணை ஆணையரின் அறைக்குச் சுவர் மூன்றுதான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் இருபது பேரும் நிற்பார்கள். அலமாரிக் கோப்புகளுக்குள் பழைய செய்தித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம் துணியில் வரைந்தது. இன்றைக்கு இந்த அறைக்கே கடைசி நாள். துணை ஆணையர் ஓய்வு பெறுகிறார். காலையில் பிரிவுபசாரப் பேச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் தனியாக அறையைக் காலி செய்யும் காட்சி. விடிந்தால் தச்சர்கள் வந்து எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள்.

இயக்குநர் அருகில் வந்தார்.

"சார், பேச்சு முடியறப்போ கண்ணு கலங்கணும்."

"இந்த ஆள் கலங்கமாட்டாரேப்பா."

"கடைசி வாரம் சார். ஒன்பது வருஷமா ஜனங்க திட்டித் தீர்த்துட்டாங்க. போறப்பவாவது மன்னிச்சு அனுப்பட்டுமே."

"அவர் மன்னிப்பு கேட்டாரா?"

"கேட்கல."

"அப்புறம் எதுக்கு மன்னிக்கணும்?"

இயக்குநர் சிரித்தார். சின்னவர் சிரிக்கவில்லை.

ஒரே தடவையில் காட்சி முடிந்தது. கடைசி வரியில் கண் கலங்கத்தான் செய்தது. கிளிசரின் இல்லாமலே. எல்லாரும் கைதட்டினார்கள். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தன் கண்களையும் துடைத்துக்கொண்டார். சின்னவருக்குக் கூசியது. கண்ணீர் யாருக்காக வந்தது என்று அவருக்குத் தெரியும். அது துணை ஆணையர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஆறு மணிக்குள்ள வந்துடணும் சார்," என்றார் இயக்குநர்.

"வந்துடுவேன்."

அண்ணனின் வீடு மூன்றாவது மாடி. கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க கமிஷனர். இந்த வாரம் யாரோட ஃபைலுக்கு மூடுவிழா?"

அவர் எப்போதும் சொல்கிற வேடிக்கைதான். இரண்டரை வருஷம் கழித்து வருகிறவரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சின்னவர் கையை ஆட்டிவிட்டு மாடி ஏறினார்.

அண்ணி கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். சின்னவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "உதட்டு மேல என்ன ஒட்டிக்கிட்டிருக்கு?" என்றார்.

மீசையைச் சின்னவர் வண்டியிலேயே பிய்த்துவிட்டார். பசை போகவில்லை.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. அவர் பார்த்தா என்ன வேஷம்னு நினைப்பார்."

அந்த ஒரு பேச்சில் அண்ணி அவரை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார். கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பாப்பா சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"கையை விரிச்சுட்டார். சிறுநீரகமும் நின்னுபோச்சு. நாலு நாளோ, ஒரு வாரமோ."

"யாருமே சொல்லலியே பாப்பா."

"யார் சொல்லணும்?" சிவப்பு மைப் பேனாவை மூடினாள். "உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினப்போ நாங்க இதே மேஜையில உட்கார்ந்து பார்த்தோம் சித்தப்பா. அப்பா எழுந்து போய் அலமாரியில இருந்த தன்னோட அலுவலகச் சட்டையெல்லாம் எடுத்து மடிச்சு ஒரு பையில போட்டார். யாருக்காவது கொடுத்துடும்மான்னார். அன்னிக்கே பாதி போயிட்டார். பக்கவாதம் வந்து மீதியைத்தான் எடுத்துச்சு."

சின்னவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பேரைச் சொல்லல. அலுவலகத்தைச் சொல்லல."

"ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவரோட கண்ணாடியை நீங்க ஒன்பது வருஷமா போட்டுக்கிட்டிருக்கீங்க. பேர் வேற சொல்லணுமா?"

"பாப்பா," என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அதட்டல் இல்லை. போதும் என்கிற குரல்.

படுக்கையறையில் பெரியவர் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண். வாசலில் நிற்கும் தம்பியை அது தலையிலிருந்து கால்வரை அளந்தது.

"அண்ணா," என்றார் சின்னவர். ஆயிரம் பக்க வசனம் மனப்பாடம் செய்த நாக்கு, அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

பெரியவர் இடது கையை லேசாகத் தூக்கினார். கட்டிலோரம் பாப்பா செய்த அட்டை இருந்தது. மேல் வரிசையில் பன்னிரண்டு உயிரெழுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பதினெட்டு மெய். முதலில் மெய்யைத் தொட்டு, அடுத்து உயிரைத் தொட்டால் இரண்டும் சேர்ந்த எழுத்து. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

விரல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. பாப்பா பின்னால் வந்து நின்று படித்தாள்.

"உட்... கார்."

சின்னவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலு நாளா அப்பா வாக்குமூலம் சொல்லியிருக்கார்," என்றாள் பாப்பா. "ஒவ்வொரு எழுத்தா. ரெண்டு பக்கம் வந்திருக்கு. நான் எழுதி வெச்சிருக்கேன். விசாரணை அதிகாரி வந்ததும் அதைச் சத்தமா வாசிக்கணும். அவர் ஆமான்னு ஒத்துக்கணும். நான் வாசிக்கறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். நீங்கதான் வாசிக்கணுமாம்."

"குடு. ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"அதிகாரி வந்த பிறகுதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கார்."

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். அந்தக் கண் அசையவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒத்திகை இல்லாமல் ஒரு வரிகூட வாசித்தவர் இல்லை அவர்.

அதிகாரி சரியாக நாலு மணிக்கு வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, சாதாரண உடை, கையில் தோல்பை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். கட்டிலருகே சின்னவரைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார்.

"நீங்க..."

"தம்பி."

"தெரியும். வியாழக்கிழமை எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் உங்களைத் திட்டுவாங்க. மீதிப் பேர் உங்களை மாதிரியே பேசுவாங்க." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர்போல ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேஜையில் வைத்தார். "சார், உங்களால முடியுமா? முடியலேன்னா இன்னொரு நாள் வர்றேன்."

பெரியவர் இடது கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"ஒரு தடவை மூடினா ஆமா," என்றாள் பாப்பா. தாளைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது.

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் வரியைப் படித்தபோது குரல் பழக்கதோஷத்தில் துணை ஆணையர் குரலாக வந்தது. நிறுத்தினார். மறுபடி, வெறும் குரலில் ஆரம்பித்தார்.

"'நான் அந்த மனுவைப் படிக்கவில்லை.'"

அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியைக் கிட்டே தள்ளினார்.

"'எண்ணிக்கையைக் குறைக்க மூடினேன் என்று தம்பியிடம் சொன்னது பொய். படித்துவிட்டு மூடினேன் என்றால் கெட்ட அதிகாரி. படிக்காமல் மூடினேன் என்றால் நான் அதிகாரியே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் மாற்றிச் சொன்னேன்.'"

சின்னவர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"'அன்று மேஜையில் முப்பத்தெட்டுக் கோப்புகள். நாளை பார்க்கலாம் என்றால் மாதக் கெடு முடிந்துவிடும். மாலை ஆறரைக்கு நாடகம். தம்பிக்கு...'"

நின்றுவிட்டார்.

"மேல வாசிங்க சார்," என்றார் அதிகாரி மெதுவாக.

"'தம்பிக்கு முதல் பெரிய வேஷம். நான் வராவிட்டால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்கு முப்பத்தெட்டிலும் கையெழுத்துப் போட்டேன். நிலையத்திலிருந்து எழுதி வந்த குறிப்பை அப்படியே ஏற்றேன். ஒன்றையும் திறக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கைதட்டினேன்.'"

அந்தச் சாயங்காலம் சின்னவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திரை விலகியபோது முன்வரிசையில் பதினோரு பேர். நடுவில் அண்ணன், அலுவலகச் சட்டையோடு, அக்குளில் பை இடுக்கிக்கொண்டு. நடிப்பெல்லாம் சோறு போடாது என்று அப்பா பேச்சை நிறுத்தியிருந்த காலம் அது. அண்ணன் ஒருவர் வந்தாரே என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த நாடகத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். எத்தனை பேட்டியில் அதைச் சொல்லியிருக்கிறார். கிணற்றில் கிடந்தவளின் கோப்பு அந்த மாலைக்கு அடியில் இருந்திருக்கிறது.

"'தம்பிக்கு இதில் பங்கில்லை,'" என்று வாசித்தார். எழுத்து கலங்கியது. "'அவனுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அவனையே வாசிக்கச் சொன்னேன். நான் சொன்ன பொய்யை அவன் ஊருக்குச் சொன்னான். உண்மையையும் அவன் வாயாலேயே சொல்லட்டும். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். காலம் குறைவு.'"

தாளை மடியில் வைத்தார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவருக்கும் இது புதிதுதான் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. பாப்பா மட்டும் நாலு நாளாக, எழுத்தெழுத்தாக, ஒற்றை ஆளாக இதைத் தாங்கியிருக்கிறாள். காலையில் அவள் போனில் பேசிய விதம் சின்னவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"சார், இதெல்லாம் நீங்களா, உங்க விருப்பத்துல சொன்னதுதானா?"

கண் ஒரு தடவை மூடித் திறந்தது. மைப்பெட்டியில் இடது கட்டைவிரலைப் பாப்பா ஒற்றி, இரண்டு பக்கத்திலும் பதித்தாள். ஆயிரக்கணக்கான கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர், விரல்ரேகை வைத்துவிட்டுத் தன் விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ணா?" என்றார் சின்னவர். "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா."

விரல் அட்டையைத் தேடியது. பாப்பா படித்தாள். "நீ... நடிக்கறதை... விட்டிருப்பே."

அதற்கு மேல் சின்னவரால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி தாள்களைப் பையில் வைத்தார். கிளம்பாமல் தயங்கி நின்றார்.

"ஒரு விஷயம். அந்தம்மா, மனு போட்டவங்க, எதிர்ல பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்திருக்காங்க. நாலு மணிக்கு இங்க வர்றேன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். கூட்டிட்டு வர்றது முறையில்ல. வந்துட்டாங்க. நீங்க வேண்டாம்னா அனுப்பிடறேன்."

"வேண்டாம்," என்றார் அண்ணி உடனே. "இருக்கறதே கொஞ்ச மூச்சு. அதையும் அவங்க சாபத்துல..."

விரல் அட்டையில் நகர்ந்துகொண்டிருந்தது. வ. ர. ட். டு. ம்.

அதிகாரி அழைத்து வந்த அந்தத் தங்கை தையற்கடை வைத்திருப்பவள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறாள். அழவில்லை, கத்தவில்லை. கட்டிலில் கிடப்பவரை ஒரு தடவை பார்த்தாள். இவ்வளவு சின்ன உருவமா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்," என்றாள். "எங்க மனுவை அன்னிக்குப் படிச்சாங்களா, இல்லையா?"

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் சின்னவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். இதைச் சொல்லவேண்டியவர் தாம்தான் என்று அவருக்குப் பட்டது.

"படிக்கலம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பலநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்ததுபோல.

"நான்தான் எழுதினேன். எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா அழுதுக்கிட்டே சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்குப் பதினாறு வயசு. பெரிய ஆபீசர் படிப்பார், தப்பு இருக்கக்கூடாதுன்னு மூணு தடவை திருப்பி எழுதினேன்." கைப்பையிலிருந்து நாலு தாள்களை எடுத்தாள். மடிப்பில் நைந்த பழைய நகல். "இப்பவாவது அவர் இதைக் கேட்கணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் வந்தேன்."

"குடும்மா, நான் வாசிக்கறேன்," என்று சின்னவர் கையை நீட்டினார்.

"வேண்டாங்க." குரலில் கோபம்கூட இல்லை. "உங்க குரல்ல எங்க கதையை ஒரு தடவை கேட்டாச்சு. நானே படிச்சுக்கறேன்."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சின்னவர் பின்வாங்கினார். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படிக்கிற பிள்ளையைப்போல நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. என் அக்காள் வயது இருபத்து மூன்று. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அவள் எங்களிடம் சொல்லாமல் எங்கும் போகிறவள் இல்லை. கடைக்குப் போவதென்றால்கூட இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போவாள்...'"

பெரியவர் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இமை லேசாக மூடித் திறந்தது. ஆமா. ஆமா. இழுத்த வாயோரம் நீர் வழிந்தது. அண்ணி துடைக்க வந்தபோது இடது கையால் தடுத்தார்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அக்காள் போட்டிருந்த உடை, கையிலிருந்த குடை, அம்மாவுக்கு அன்று காய்ச்சல், இரவெல்லாம் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தது. பதினாறு வயசுப் பெண் ஒன்றையும் விடவில்லை. அதிகாரி சுவரில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பக்கத்தின் நடுவில் இருந்தாள்.

"'கடைசியாக வேலை கேட்டுப் போனது தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் உள்ள பதினேழாம் எண் வீடு. படுக்கையில் இருக்கும் வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒட்டியிருந்தார்களாம். நாங்கள் போய்க் கேட்டதற்கு, அப்படி யாரும் வரவில்லை, இங்கே வயதான அம்மாளும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்...'"

பெரியவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை. கதவு கீச்சிடுவது போன்ற சத்தம். இடது கை அட்டையை ஓங்கி அடித்தது. அட்டை சாய்ந்தது. பாப்பா ஓடிவந்து பிடித்து நிமிர்த்தினாள்.

"மெதுவாப்பா. மெதுவா காட்டுங்க."

விரல் மேல் வரிசைக்குப் போனது. இ.

கீழே இறங்கியது. ன்.

மறுபடி ன். மேலே ஒ.

பாப்பா முணுமுணுத்தாள். "இன்... னொ..."

ரு. த். தி.

"இன்னொருத்தி," என்றாள் பாப்பா. "என்னப்பா இன்னொருத்தி?"

அதே வீடு, என்று விரல் காட்டியது. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அதே மாசம்.

அதிகாரி சுவரை விட்டு நிமிர்ந்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"சார், அந்த வீட்டைப் பத்தி வேற ஒரு மனுவும் வந்துச்சா? வேற ஒரு பொண்ணைப் பத்தி? அதை நீங்க படிச்சீங்களா?"

கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

சின்னவர் கட்டிலருகே வந்தார். அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும். படித்த கோப்பை அவர் மறக்கவே மாட்டார், எண் முதற்கொண்டு சொல்வார். ஒன்றை அந்த மாதம் முன்னாலேயே படித்திருக்கிறார். மற்றதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டிலும் ஒரே விலாசம் இருப்பது அன்றைக்கே அந்த மேஜையிலேயே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

"அவ பேர் என்ன சார்?"

விரல் அட்டைமேல் எழுந்தது. பாதியில் நின்றது. அப்படியே போர்வைமேல் விழுந்தது. கண் சொருகியது. அண்ணி நாடியைப் பிடித்துப் பார்த்தார். மூச்சு இருந்தது, மெலிதாக, இடைவெளி விட்டு.

"இதுக்கு மேல வேண்டாம்," என்றார். "கையெடுத்துக் கேட்டுக்கறேன். யாரும் எதுவும் கேட்காதீங்க."

அதிகாரி தலையை அசைத்துவிட்டுக் கைப்பேசியோடு நடைவழிக்குப் போனார். பழைய பதிவேட்டு அறையை யாரோ இப்போதே திறக்க வேண்டும் என்று அவர் அங்கே யாரிடமோ அழுத்திச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. சின்னவரின் சட்டைப் பையில் கைப்பேசி மூன்றாவது தடவையாக அதிர்ந்து ஓய்ந்தது. மணி ஆறு அடித்திருந்தது. அவர் எடுக்கவில்லை.

தையற்கடைக்காரி மூன்றாவது பக்கத்தைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள். பிறகு பாப்பா போட்ட நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அந்தப் பொண்ணு வீட்லயும் யாராவது உட்கார்ந்து எழுதியிருப்பாங்க இல்ல?" என்று சின்னவரைப் பார்த்துக் கேட்டாள். "தப்பில்லாம வரணும்னு."